நம்பர் பார்க்காமல் மாட்டிய பிளக்

மார்ச் 3, செவ்வாய்

ஸ்கூல் வேன் ஓட்டும் அக்கா காலையிலேயே எங்கள் பட்டறைக்கு வந்துவிட்டார்கள். மேட்டில் ஏறும்போது இன்ஜின் டக்டக்கென்று தட்டுகிறதாம். போன வாரம்தான் நான் சர்வீஸ் செய்த வண்டி. பிளக்கிலிருந்து பொறி விழுவதற்கு முன்பே பெட்ரோல் தானாகப் பற்றிக்கொண்டால் அப்படித்தான் தட்டும். உள்ளே கார்பன் படிந்திருக்கும், இன்ஜினின் மேல்மூடி ஹெட்டைக் கழற்றிப் பார்க்கலாம் என்றேன். அண்ணன் கேட்டால்தானே! பொறி கொஞ்சம் தாமதமாக விழும்படி டைமிங்கைத் திருப்பி வைத்தான். சத்தம் நின்றது. காய்ச்சல்காரன் வாயைப் பொத்தினால் காய்ச்சல் போய்விடுமா? பத்திக்கிட்டு வருது எனக்கு.

மார்ச் 5

அவனோடு பேசவில்லை.

மார்ச் 6, வெள்ளி

நினைச்சது நடந்துடுச்சு. பொறி தாமதமானதில் இழுவை இல்லாமல் வேன் மேட்டில் நின்று, பின்னால் உருண்டிருக்கிறது. உள்ளே பதினோரு பிள்ளைகள். அக்கா எப்படியோ நிறுத்திவிட்டார்கள், யாருக்கும் அடியில்லை. ஆனால் ஸ்கூலில் 'உனக்கு ஓட்டத் தெரியவில்லை, இனி வராதே' என்று அனுப்பிவிட்டார்கள். பதினாறு வருஷமா ஓட்டுற பொம்பளைய!

வேனை எங்கள் பட்டறைக்கே இழுத்து வந்தார்கள். நாலு பேர் முன்னாடி அண்ணனைக் கிழிகிழியென்று கிழித்தேன்.

"நீயெல்லாம் ஒரு மெக்கானிக்கா? குழந்தைங்க உயிரோட விளையாடுறியா?"

குனிஞ்சு வேன் சக்கரத்துக்குக் கல்லு வச்சிட்டிருந்தான் அவன். அதுக்கும் சேர்த்துத் திட்டினேன்.

மார்ச் 7

ஹெட்டைக் கழற்றினேன். கார்பனை அவன் மூஞ்சிக்கு நேரா காட்டணும்னு அவ்வளவு வேகம்.

கார்பனே இல்லை. ஒரு பிஸ்டனின் ஓரம் மட்டும் உருகியிருக்கிறது. பிளக் முனைகள் வெள்ளை வெளேரென்று வெந்திருந்தன. நம்பரைப் பார்த்தேன். வேறு இன்ஜினுக்கான பிளக். மரையும் அளவும் ஒன்றுதான். ஆனால் இந்த இன்ஜினில் அதன் சூடு வேகமாக இறங்காது. முனை தணலாகவே இருந்து, பொறிக்குக் காத்திராமல் பெட்ரோலைப் பற்றவைக்கும்.

சர்வீஸ்ல இத மாட்டினது யாரு? நான். டப்பாவுக்குள்ள கைய விட்டு, நம்பர் பார்க்காம எடுத்த மகராசி நான்தான்.

ச்சே. என்னை எதால அடிக்கிறது?

மார்ச் 8, ஞாயிறு

அண்ணனிடம் சொன்னேன். "டைமிங்கத் திருப்புனது நான்தானே" என்றான், அவ்வளவுதான். நாலு திட்டு திட்டியிருக்கலாம், பாவி.

அக்கா வீட்டுக்கும் போனேன். உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே எல்லாம் சொன்னேன்.

"இதையே ஸ்கூல்ல வந்து சொல்லுவியா?"

மார்ச் 9, திங்கள்

சொன்னேன். பிளக்கை மேசைமேல் வைத்து, நாங்கள் இருவரும் செய்ததைச் சொன்னேன். இனி ஸ்கூல் வண்டி எதுவும் உங்கள் பட்டறைக்கு வராது என்றார் தலைமை ஆசிரியர். வேனையும் உடனே இழுத்துப் போனார்கள்.

மார்ச் 20

வேறு பட்டறையில் பிஸ்டன் மாற்றிவிட்டார்கள். காலையில் வேன் எங்கள் வாசலைத் தாண்டி மேட்டில் ஏறியது. தட்டவே இல்லை. ஓட்டியது அக்காதான். என் பக்கம் திரும்பவில்லை.