பிடுங்கிய துத்திச் செடி

ஏப்ரல் 12, சனி

விடியும் முன்பே புழுக்கம். கடலூரிலிருந்து பைக்கில் நாலரைக்குக் கிளம்பி, சிதம்பரம் தாண்டி செல்வத்தின் வயல். என்னோடு கல்லூரியில் படித்தவன். கோடை உழவு ஓட்டும்போது ஆள்காட்டிக் குருவியின் முட்டைகளைப் பார்த்திருக்கிறான். கட்டில் அளவு இடத்தை உழாமல் விட்டு, டிராக்டரை வளைத்து ஓட்டியிருக்கிறான். நாலு முட்டை.

"உனக்குன்னுதான் சொன்னேன் மச்சான். பாத்துப் பண்ணு."

பச்சைத் துணிக் கூடாரம் கட்டினேன். கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டது அஞ்சலை, அங்கே ஆடு மேய்ப்பவர். உள்ளே நான், கேமரா, முக்காலி, தண்ணீர், இரண்டு பன், முதுகுவலி. நாற்பது நிமிடம் கழித்து பறவை வந்து உட்கார்ந்தது. சரியாக அதன் முகத்தை மறைத்து ஒரு துத்திச் செடி. வெளியே போய் வேரோடு பிடுங்கி வரப்பில் போட்டேன். அஞ்சலை அதற்குள் போய்விட்டிருந்தார்.

பறவை திரும்ப வந்தது. அருமையான படங்கள். ஒன்பதுக்கு மூட்டை கட்டியாச்சு.

ஏப்ரல் 13, ஞாயிறு

குருத்தோலை பவனி. நல்ல வெயில். மாதா கோயில் வாசலிலேயே போனை எடுத்து, பறவைக்காரர்கள் குழுவில் படத்தைப் போட்டேன். ஒரே பாராட்டு. ஒருவர் மட்டும்: "கூட்டுப் படம் போடக்கூடாதே சார். செடி கிடி எதுவும் வெட்டலையே?"

"எதையும் தொடலை சார்" என்று டைப் செய்தேன். ஒரு கையில் குருத்தோலை.

ஏப்ரல் 15, செவ்வாய்

என் கண்ணாடிக் கடையில் கூட்டமில்லை. செல்வம் போன்.

"முட்டை நாலும் போச்சு மச்சான். காக்கா. மறைப்பா இருந்த துத்தியை வேரோட புடுங்கிப் போட்டிருக்காங்க. அஞ்சலைதான், ஆட்டுக்குப் புடுங்கியிருக்கும். கேட்டா இல்லவே இல்லைங்குது. இனிமே என் வயல்ல ஆட்டை வுடாதன்னு சொல்லிட்டேன்."

"அப்படியா" என்றேன். சீ.

குழுவிலிருந்து படத்தை எடுத்துவிட்டேன். கம்ப்யூட்டரில் இருக்கிறது. அழிக்க மனசு வரவில்லை.

ஏப்ரல் 16, புதன்

பாவசங்கீர்த்தனம். நீண்ட வரிசை. சாமியாரிடம் சொன்ன பாவங்கள்: கோபம், பூசைக்கு லேட், "சின்னச் சின்னப் பொய்." இதைச் சொல்லவில்லை.

தண்ணீர் கேன் வரவில்லை. இரண்டு தடவை போன்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

மனைவி ஸ்டெல்லா: "இன்னிக்குக்கூடவா பறவை?" இல்லை என்றேன். கேமராவை எடுக்கவில்லை. செல்வத்திடம் சொல்லிவிடுவது என்று கிளம்பினேன்.

பார்த்தால் அவன் வயலில் ஆடுகள். வரப்பில் அஞ்சலை.

"உள்ள விட்டுட்டாரா?" என்று கேட்டேன்.

"நான்தான் புடுங்குனேன்னு சொல்லி மன்னிப்புக் கேட்டுட்டேன் சார். வேற எங்க ஓட்டிக்கினு போறது இதுங்கள?"

பிடுங்கியது நான் என்றேன். இப்போதே போய்ச் செல்வத்திடம் சொல்கிறேன் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

"வேணாம் சார். அப்ப எதுக்குப் பொய் சொன்னேன்னு அதுக்கு ஒரு தரம் கத்துவாரு. இப்பதான் வுட்டிருக்காரு."

சரி என்று திரும்பிவிட்டேன். பைக்கை உதைக்கும்போது மனசுக்குள் ஒரு நிம்மதி, அவனிடம் சொல்ல வேண்டியதில்லை என்று. என்ன கேவலமான ஆள் நான்.

வழியில் செல்வம் தன் வீட்டு வாசலில் நின்று கையைக் காட்டினான். "வந்துட்டு அப்படியே போறியே மச்சான், சாப்புட்டுப் போ."

இன்று ஒருசந்தி, விரதம் என்றேன். காலையில் நாலு இட்லி தின்றிருந்தேன்.