கட்டிலை மறைத்த போட்டோ

என் பாசமுள்ள சுலோச்சனாக்கா,

நீ போய்ச் சேர்ந்த மேலோகத்துல பெட்ஷீட் மாத்துற வேலை இருக்காதுன்னு நம்புறேன். இருந்தா அங்கேயும் நீதான் சூப்பர்வைசர், பாவம் அவங்க. இங்க செங்கம் ரோடு லாட்ஜ்ல உன் வேலை எனக்கு வந்து, உன் சாவிக்கொத்து இப்ப என் இடுப்புல தொங்குது.

போன மாசம், பவுர்ணமி கிரிவலத்துக்கு முந்தின வாரம், திடீர்னு ஆளுக்கொரு போன் கொடுத்துட்டாங்க. ரூமைச் சுத்தம் பண்ணி முடிச்சதும் கட்டிலைப் போட்டோ எடுத்து அனுப்பணுமாம். அப்பத்தான் ரிசப்ஷன்ல அந்த ரூமை அடுத்தவங்களுக்குக் கொடுப்பாங்க. ஒரு டீ ஆறுற நேரம்கூட சொல்லிக் கொடுக்கல.

என் வயசுக்காரி கன்னியம்மா, அவ கோஷ்டியோட என்ன பண்ணா தெரியுமா? கீழ்பென்னாத்தூர் பக்கம் நூறு நாள் வேலையில ஆளுங்களை வரிசையா நிக்கவெச்சுத்தானே போட்டோ எடுப்பாங்க? அதே பழக்கம். பக்கத்து ரூம் வெள்ளைக்காரரைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்லி, கட்டிலுக்கு முன்னாடி துடைப்பத்தோட வரிசையா நின்னுட்டாங்க. கட்டில் தெரியல. நடுவுல கன்னியம்மாதான் பளிச்சுனு தெரிஞ்சா.

மேனேஜர் அதை எல்லாரும் பார்க்கிற வாட்ஸ்அப் குரூப்புல போட்டு, கூடவே சிரிப்பு பொம்மையும் போட்டார். கன்னியம்மா சிரிக்கல. "பேரப்பிள்ளை எடுத்த வயசுல இந்தக் கேலி தேவையா? நாளையிலிருந்து வரல"ன்னு, கொடுத்த போனோடவே கிளம்பிட்டா. "கத்துக்க முடியாதவங்க நின்னுக்கட்டும்"னு மேனேஜரும் சொல்லிட்டார். அவ வீட்டுக்காரர் படுத்த படுக்கை. மருந்து வாங்குறதே இந்தச் சம்பளத்துலதான்.

நீயா இருந்தா என்ன பண்ணியிருப்பே? சத்தம் போட்டிருப்பியா? எனக்கு சத்தம் வராது, குசும்புதான் வரும்.

சாயங்காலம் அதே குரூப்புல என் காலைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். அப்புறம் ஃபேன். அப்புறம் என் கட்டைவிரல்.

மேனேஜர் ஓடி வந்தார். "என்னக்கா இது?"

"கத்துக்குறேன் சார். எனக்கும் ஒரு சிரிப்பு பொம்மை போடுங்க."

அவர் திரும்பி நடக்கப் பார்த்தார். நான் விடல. "பவுர்ணமி முடியுற வரைக்கும், போட்டோ வரலன்னு யாரையும் நிறுத்தாதீங்க. தப்பா எடுத்தா அந்தப் போட்டோ எனக்கு மட்டும் வரட்டும். திட்டணும்னா என்னைத் திட்டுங்க"ன்னேன். சரின்னு தலையை ஆட்டினார். கன்னியம்மா போட்டோவையும் குரூப்புல இருந்து எடுத்துட்டார்.

மறுநாள் காலையில கன்னியம்மா வந்து நின்னா.

"உன் காலைப் பார்த்தேன்டி. அந்தப் பித்தவெடிப்புக்கு எதாச்சும் தடவு, பார்க்க சகிக்கல."

நேரா ரூமுக்குப் போனா. கட்டிலைப் போட்டோ எடுத்தா, அதுல தலகாணி பாதிதான் தெரிஞ்சுச்சு. "போதுமா?"ன்னா. "போதும், அனுப்புற பட்டனை அமுக்கு"ன்னேன். பவுர்ணமிக் கூட்டத்துல அவளால ஒரு ரூமும் தேங்கல. ஆனா இன்னமும், ஒவ்வொரு தடவை அனுப்புறதுக்கு முன்னாடியும் என்கிட்ட போனை நீட்டி, "நான் தெரியலையே?"ன்னு கேட்கிறா. அந்தப் பயம் போக எவ்வளவு நாளாகும், சொல்லு?

நாளைக்கு வேற எதாச்சும் புதுசா கொண்டாந்து கையில திணிப்பாங்க. திணிக்கட்டும். எல்லார் முன்னாடியும் முதல்ல தப்பா அமுக்குறவ நானாத்தான் இருப்பேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

உன் வாயாடித் தங்கச்சி,
மல்லிகா