ஐந்து வருட உத்தரவாதமுள்ள பை

இன்று மத்தியானம் ஒரு பைக்கடைக்குப் போனேன். எங்கள் கந்தோரில் ஒருவர் ஓய்வு பெறுகிறார். அவருக்குப் பிரயாணப் பை ஒன்று கொடுப்பதென்று முடிவாகி, வாங்கி வரும் வேலை என் தலையில் விழுந்தது. வருடப் பிறப்புக்கு முந்திய மலிவு விற்பனை நேரம். வாசலில் பலூன் கட்டியிருந்தார்கள். ஒலிபெருக்கியில் ஒரு பொடியன் மூச்சு விடாமல் கழிவு விலைகளைக் கூவிக்கொண்டிருந்தான். விற்பனைக்கு நின்ற பெண் ஒரு பெரிய பையின் சிப்பை இழுத்துத் திறந்து என் முகத்துக்கு நேரே பிடித்தாள். புது றெக்சினும் பசையும் கலந்த வாசம் உள்ளிருந்து எழுந்து வந்தது.

"என்ன அன்டி, பிடிக்கல்லையா?" என்று அவள் கேட்டாள். "வாறன் மகள்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். கந்தோரில், வேறு யாரையாவது அனுப்புங்கள் என்றேன். காரணம் கேட்டார்கள். தலையிடி என்று சொன்னேன். சரியான காரணத்தை உனக்குத்தான் எழுத வேண்டும்.

நாம் இரண்டு பேரும் போன அந்தக் கடை காத்தான்குடிப் பெரிய தெருவில் இருந்தது. அதுவும் இதே போல் சித்திரைக்கு முந்திய கிழமைதான். அதற்குப் பதினொரு நாட்களுக்கு முன்னர்தான் உன் பரிசோதனை முடிவு வந்திருந்தது. நீ ஆஸ்பத்திரி வாட்டில் சட்டை மாற்றிக்கொண்டிருந்தாய். டொக்டர் என்னை மட்டும் நடைபாதைக்குக் கூப்பிட்டார்.

"நீங்க அவவுக்கு என்ன முறை?"

"சினேகிதி. அவவுக்குக் கிட்டடியில வேற ஆக்கள் இல்ல."

அவர் சுற்றி வளைக்கவில்லை. கொழும்புக்குப் போய் மருந்து ஏற்ற வேண்டும் என்றார். பன்னிரண்டு தடவை. ஏற்றினாலும் ஆறு மாதம், மிஞ்சிப் போனால் இன்னும் கொஞ்சம் என்றார். "அவவுக்கு நீங்களே பக்குவமாச் சொல்லுங்க" என்று என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். நீ செருப்பை மாட்டிக்கொண்டு வந்து, "என்னவாம்?" என்றாய். "கொழும்புக்குப் போய்ப் பன்னிரண்டு தரம் மருந்து ஏத்தினாச் சரியாகுமாம்" என்றேன். மீதியை விழுங்கிவிட்டேன். நாளைக்குச் சொல்லலாம் என்று பதினொரு நாளும் நினைத்தேன்.

கொழும்புக்குப் போக உன்னிடம் ஒரு பை இருக்கவில்லை. கல்லடியில் உன் வீட்டு முன்னறையில் இரண்டு தையல் மெசின் இருந்தது. அலுமாரி நிறைய ஊர்ப் பெண்களின் துணி இருந்தது. பிரயாணப் பை மட்டும் இல்லை. நமக்குப் பதினாறு வயதில், கொக்கட்டிச்சோலைப் பக்கமிருந்து சண்டைக்குப் பயந்து வாவியைக் கடந்து ஓடி வந்தபோது, உன் வீடு முழுக்க ஒரு உரப்பைக்குள் இருந்தது. அதன் பிறகு எத்தனை தடவை இடம் மாறினாய். எல்லாத் தடவையும் உரப்பைதான், வாயைக் கயிற்றால் கட்டிய உரப்பை. அதனால்தான் அன்று கடைக்குள் நுழைந்ததும், நோயாளி என்பதையே மறந்து, ஒரு கலியாண வீட்டுக்குப் புறப்பட்டவளைப் போல நீ நிமிர்ந்து நடந்தாய்.

நாம் காக்கா என்று கூப்பிட்ட கடைக்கார முஸ்லிம் அண்ணர் நாற்காலி போட்டார். நீ இருக்கவில்லை. விலைச் சீட்டுகளை நகத்தால் சுரண்டிப் பார்த்தாய். ஒன்றின் கீழே பழைய சீட்டு இருந்தது. அதில் இருந்த விலை கழிவு விலையை விடக் குறைவு.

"காக்கா, இது கழிவா கூட்டலா?" என்று கேட்டாய்.

அவர் சிரித்துவிட்டார். "உங்களோட ஏலாது தங்கச்சி. சரியான விலைக்குத் தாறன், பாருங்க."

தையல்காரி பை பார்ப்பதை அன்றுதான் கண்டேன். வெளியே உள்ள நிறத்தை நீ பார்க்கவே இல்லை. பையைக் கவிழ்த்து, உள்துணியை மூலையில் இழுத்து, தையல் இரட்டையா ஒற்றையா என்று பார்த்தாய். காக்காவின் சட்டைப் பையிலிருந்த பேனையை வாங்கி, சிப்பின் பல்லுக்கு நடுவே அழுத்தினாய். இரண்டு பைகள் சிப் பிளந்து வாய் திறந்தன. மூன்றாவது அசையவில்லை. அது கடும் பச்சை நிறம், நாலு சில்லு. அதற்குள் இரண்டு சின்னப் பைகளைத் திணித்துப் பாரமாக்கி, இழுக்கிற பிடியால் தூக்கி ஆட்டினாய். நிலத்தில் வைத்து ஒரு விரலால் தள்ளினாய். கோணாமல் நேரே கடை வாசல் மட்டும் ஓடியது.

"அஞ்சு வருச வொறண்டி" என்றார் காக்கா. "சில்லு உடைஞ்சாலும் நாங்க பொறுப்பு."

நீ அதைத் திரும்ப இழுத்து வந்து, பிடியை விடாமல் என்னைப் பார்த்தாய். முகம் முழுக்கச் சந்தோசம். "உரப்பையிலதான் என்ட காலம் முழுக்கப் போயிட்டு. இனியாவது ஒரு நல்ல பையோட போவம், என்னகா?"

நான் அப்போது 'ஓம்' என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு சொல். அந்த அஞ்சு வருசம் என்பது என் காதில் விழுந்ததும் மனம் எங்கேயோ போய்விட்டது. வாசலில் ஒரு குவியல் கிடந்தது. பாதி விலை. அதிலிருந்து ஒரு சிவப்புப் பையை எடுத்து வந்தேன். மெல்லிய துணி, இரண்டு சில்லு.

"என்னத்துக்கு இவ்வளவு விலையில? ரெண்டு மூண்டு தரம் போய் வாறதுக்கு இது போதும்கா" என்றேன்.

"ரெண்டு மூண்டு தரமா?" என்றாய். "பன்னிரண்டு தரம் எண்டெல்லா சொன்ன?"

"இல்ல... இப்பத்தைக்கு எண்டு சொன்னன்."

பச்சைப் பையின் பிடி என் கையில் இருந்தது. நான் அதை உன் கையிலிருந்து எப்போது வாங்கினேன் என்று எனக்கு இன்றும் நினைவில்லை. நீ என் முகத்தையே பார்த்தாய்.

"எவ்வளவு காலத்துக்குப் போதும்?"

நான் சிவப்புப் பையின் சிப்பைத் திறந்தேன், பூட்டினேன்.

நீ பச்சைப் பைக்குள்ளிருந்து சின்னப் பைகளை வெளியே எடுத்தாய். அதன் சிப்பைக் கடைசி வரை பூட்டி, பிடியை உள்ளே இறக்கி, சுவரோரம் நேராக நிறுத்தினாய். பிறகு, "காக்கா, சிவப்பையே தாங்க" என்றாய்.

அவருக்கு மனமில்லை. "தங்கச்சி, விக்கிறவன் சொல்றன், இது ஒரு வருசமும் தாங்காது."

"ஓம் காக்கா. தெரியும்" என்றாய்.

எனக்கு அப்போது வந்தது நிம்மதி. அதை மறைக்கக் கூடாது. தேவையில்லாத செலவொன்றிலிருந்து உன்னைத் திருப்பிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஓட்டோவில் கல்லடி வரை நீ கண்ணை மூடிக்கொண்டு வந்தாய். களைப்பு என்று எண்ணிக்கொண்டேன்.

அந்தப் பையின் சில்லு முதல் பயணத்திலேயே, கொழும்பு கோட்டை ரயில் நிலையப் படியில் கழன்று விழுந்தது. உருண்டு தண்டவாளத்துக்குள் போனது. ஒரு பக்கம் நீயும் ஒரு பக்கம் நானுமாகத் தூக்கிக்கொண்டு நடந்தோம். மருந்து ஏற்றிய மறுநாள் திரும்பி வரும்போதும் அப்படித்தான். உன் புறங்கை ஊசி குத்திக் கன்றியிருந்தது. விடு, நான் தூக்குறன் என்று சொன்னாலும் பிடியை விடமாட்டாய். வாயெல்லாம் புண்ணாகி, தலைமயிர் கொட்டி, எலும்பு தெரியத் தொடங்கிய பிறகும் விடவில்லை. வீட்டுக்கு வந்ததும் கிழிந்த இடத்தைத் தைப்பாய். இரண்டு தடவை சிப் மாற்றினாய். கடைசியில் அந்தப் பையில் கம்பெனித் தையலை விட உன் தையல்தான் கூட.

ஆறு மாதம் முடிந்தது. நீ போகவில்லை. டொக்டரின் கணக்குத் தப்பிவிட்டது என்று உள்ளுக்குள் கும்மாளமிட்டேன். ஏழாம் மாதம், ரயிலுக்காக மட்டக்களப்பு நிலைய வாங்குப் பலகையில் இருந்தபோது, பையின் பிடி ஒரு பக்கம் அறுந்து தொங்குவதைப் பார்த்தேன்.

"இத எறிவம்கா. நான் ஒரு நல்ல பை வாங்கித் தாறன். அந்தப் பச்சை மாதிரி" என்றேன்.

நீ திரும்பாமலே கேட்டாய். "ஏன், கூடக் காலம் தந்திட்டாங்களா?"

காலை வெயில் மேடையில் விழுந்து கிடந்தது.

"உனக்கு... எப்ப தெரியும்?"

"அந்தக் கடையில. நீ பைய என்ட கையில இருந்து பறிச்சு வெச்ச நேரம். நீ ஒரு நாளும் எனக்குச் சாமான் மலிவா வாங்கச் சொல்ற ஆள் இல்லையே. ஓட்டோவில இருந்து யோசிச்சுப் பாத்தன். விளங்கிட்டு."

"பிறகேன் என்னட்டக் கேக்கல்ல?"

"நீதான் சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டு இருந்தன்."

நான் அழுதேன். நீ அழவில்லை. உன் சீலைத் தலைப்பைத் தந்து, "துடை. சனம் பாக்குது" என்றாய். பிறகு, "எனக்கு இந்த நோய் வந்ததில கோவம் இல்ல. என்ட நாளை நீ தனிய இருந்து எண்ணிக்கொண்டு இருந்த. என்னையும் கூப்பிட்டிருந்தா ரெண்டு பேருமா எண்ணியிருக்கலாம்" என்றாய். அதற்குப் பிறகு ரயில் வந்தது. நீ ஒரு பக்கப் பிடியைப் பிடித்து என் பக்கம் பார்த்தாய். நான் மறுபக்கத்தைத் தூக்கினேன். புதுப் பை பற்றி அதன் பிறகு நான் வாய் திறக்கவில்லை.

இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தாய். கடைசிப் பயணத்தில் கொழும்பு டொக்டர் ஸ்கான் படங்களைப் பார்த்துவிட்டு, கண்ணால் என்னை வெளியே வரச் சொன்னார். நான் கதிரையை விட்டு எழும்பவில்லை. இங்கேயே சொல்லுங்கள் என்றேன். அவர் சிங்களத்தில் சொன்னார். உனக்குச் சிங்களம் தெரியாது. நான் தமிழில் சொன்னேன். இனி மருந்து ஏற்றிப் பிரயோசனம் இல்லையாம். வீட்டுக்குப் போகட்டாம். ஒன்றிரண்டு மாதமாம்.

"அவ்வளவுதான் சொன்னவரா?" என்று என்னிடம் கேட்டுவிட்டு, நீ டொக்டரின் முகத்தைப் பார்த்தாய். நான் எதையாவது ஒளித்துவிட்டேனா என்று, மொழி தெரியாத ஒரு மனிதரின் முகத்தில் தேடினாய். முப்பத்தைந்து வருடச் சினேகிதத்தில் அப்படி ஒரு பார்வையை நான் கண்டதில்லை. அது எனக்கு வேண்டியதுதான்.

வீட்டுக்கு வந்து மூன்றாம் கிழமை, அலுமாரியைத் திறக்கச் சொன்னாய். தைக்காமல் கிடந்த எட்டுச் சாரிச் சட்டைத் துணிகளை எடுக்கச் சொன்னாய். ஒவ்வொன்றிலும் ஆளின் பெயர் எழுதிய துண்டு குத்தியிருந்தது.

"கொண்டு போய் ஆக்களுட்டக் குடு. சும்மா சுகமில்ல எண்டு சொல்லாத. சாகப் போறா, இனித் தைக்கமாட்டா எண்டு சொல்லு."

"அப்பிடி எப்பிடிகா சொல்ற?"

"வாயால."

ஏழு வீடுகளுக்குப் போனேன். முதல் வீட்டில் சொல் வெளியே வரவே இல்லை. துணியைக் கொடுத்துவிட்டுப் படலை வரை போய், திரும்பி வந்து சொன்னேன். ஒரு பெண் என்னைக் கட்டிப் பிடித்து அழுதாள். ஒருத்தி அளவுச் சட்டையையும் தேடித் தரச் சொன்னாள். இன்னொருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டே, வேறு யார் நன்றாகத் தைப்பார்கள் என்று விசாரித்தாள். இதை உனக்குச் சொன்னபோது, மாதக்கணக்கில் இல்லாத சிரிப்பு உனக்கு வந்தது. "கேக்கத்தானே வேணும்? கோயில் திருவிழா வருது" என்றாய்.

எட்டாவது வீடு நாவற்குடாவில். பூட்டியிருந்தது. அந்த அம்மா மகளிடம் வெளிநாட்டுக்குப் போய்விட்டாராம், வர மூன்று மாதம் ஆகுமாம் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். துணியைத் திரும்பக் கொண்டு வந்தேன். அன்று பின்னேரம் நீ தலையைத் தூக்க முடியாமல் கிடந்தாய். மூச்சு விட்டுவிட்டு வந்தது. என் காலடிச் சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தாய்.

"எல்லாம் குடுத்தாச்சா?"

"ஓம்."

"எட்டும்?"

"எட்டும்."

"சொன்னியா?"

"நீ சொல்லச் சொன்ன மாதிரியே சொன்னன்."

"கெட்டிக்காரி" என்று சொல்லிக் கண்ணை மூடினாய். அதற்குப் பிறகு நீ பேசவில்லை. மறுநாள் காலை எட்டு மணிக்கு, நான் உன் உதட்டைப் பஞ்சால் நனைத்துக்கொண்டிருக்கும்போது மூச்சு நின்றது.

அந்த அம்மா திரும்பி வந்துவிட்டார். சந்தையில் இரண்டு தடவை கண்டேன். துணியைப் பற்றி அவர் கேட்கவில்லை, மறந்திருப்பார். நானும் கொண்டு போகவில்லை. கத்தரிப்பூ நிறத் துணி. கழுத்துக்கும் கைக்கும் நீ சோக்கால் கோடு போட்டு வைத்திருக்கிறாய். கோடு அழியாமல் மடித்து என் அலுமாரியில் வைத்திருக்கிறேன்.

ஏழு வீட்டில் சொன்னேன். எட்டாவது வீட்டில் சொல்லவில்லை. இதை உனக்கு இன்றைக்குத்தான் சொல்கிறேன்.