கசாப்புக் கடைக்காரர் தேர்ந்தெடுத்த ஆடு

ஹார்லன் ஃபால்ஸ், மிச்சிகன்
ஆகஸ்ட் 9

என் வால் டெஸ்மண்டுக்கு,

கோடை முகாமில் போனைப் பிடுங்கிக்கொண்டார்களாமே, இனித் தபால்தான் கதி. உட்கட்சித் தேர்தலில் ஜெயித்துவிட்டேன். மாநிலச் சட்டசபைக்கு நம் கட்சி வேட்பாளர் உன் அம்மாதான். தெருவாரியான முடிவுகளை இத்துடன் வைத்திருக்கிறேன். நவம்பர் பொதுத்தேர்தலுக்கு எந்தக் கதவுகளைத் தட்டலாம், பார்த்துச் சொல். யார் பூட்ஸிலும் தவளை போடாதே.

முத்தங்களுடன்,
அம்மா

ஏரிக்கரை முகாம்
ஆகஸ்ட் 13

மாண்புமிகு ஆகப்போகும் அம்மாவுக்கு,

தவளை பற்றிய அறிவுரை தாமதமாக வந்தது. இங்கே ஓட்ஸ் கஞ்சியில் ஸ்பூன் நட்டமாக நிற்கிறது. அதைவிடக் குமட்டுகிறது உன் தேர்தல் முடிவு. நம் தெருவிலேயே தோற்றிருக்கிறாய். அள்ளியது மேட்டுத்தெருவில். நம் கட்சிக்காரர் போனால் நாயை அவிழ்த்துவிடுகிற தெரு அது! எவரும் எந்தக் கட்சியின் உட்தேர்தலிலும் வாக்களிக்கலாம் என்பதால், நவம்பரில் சுலபமாகத் தோற்கிற ஆளைப் பொறுக்கிவிட்டார்கள். ஆட்டைத் தேர்ந்தெடுத்தது கசாப்புக் கடைக்காரர். இது வெற்றி இல்லை அம்மா, வெற்று.

மனசார உனக்குப் போட்டது, இங்கே என்னோடு முகாமில் இருக்கிற ரூடியின் டிரெய்லர் வீட்டுக் குடியிருப்புதான். தோல் ஆலைக் கழிவு கலந்த அவர்கள் கிணற்றுத் தண்ணீருக்காக நீ பேசினாயே. முதல் கதவு அங்கே தட்டு.

உன் வால்

ஹார்லன் ஃபால்ஸ்
ஆகஸ்ட் 17

டெஸ்,

கணக்கு சரி, காரணம் தப்பு. மேட்டுத்தெருவுக்கு நானே போனேன். தோல் ஆலை முதலாளி வீன்ஸ்ட்ரா காபி கொடுத்துச் சொன்னார்: "தண்ணிப் பேச்சை விட்டுடு லோர்னா. எங்க தெரு மொத்தமும் உனக்கு. நவம்பர்ல எங்காளு ஜெயிச்சாலும் நீ ஜெயிச்சாலும் எனக்கு ஒண்ணுதான்."

நான் தலையாட்டியதை நம் தெரு எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டது. ஜெயித்தால்தானேடா எதையும் செய்ய முடியும்? ரூடி வீட்டுப் பக்கம் இப்போது வேண்டாம். அவர்கள் எப்படியும் போடுவார்கள்.

சனிக்கிழமை அழைக்க வருகிறேன். செர்ரிப் பழப் பலகாரம் சுட்டு வைக்கிறேன்.

அம்மா

ஏரிக்கரை முகாம்
ஆகஸ்ட் 20

திருமதி லோர்னா பிரிட்சர்டுக்கு,

இன்று கஞ்சியை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். குமட்டலுக்கு வேறு காரணம் கிடைத்துவிட்டது.

சனிக்கிழமை வர வேண்டாம். ரூடியை அழைக்க அவன் அம்மா வருகிறார், அவர்கள் காரிலேயே வருகிறேன். அவனுக்கு அவர் எழுதியிருக்கிறார்: "டெஸ் அம்மாவுக்குன்னு நம்ம கிணத்துத் தண்ணியை பாட்டில்ல பிடிச்சு வெச்சிருக்கேன். சட்டசபையில தூக்கிக் காட்டட்டும்."

அந்த பாட்டிலை நான் கொண்டுவருகிறேன். குறும்பு இல்லை. உங்கள் செர்ரிப் பலகாரத்துக்குப் பக்கத்தில் வைப்பேன். நீங்கள் ஒரு மடக்குக் குடித்தால் நான் ஒரு துண்டு சாப்பிடுகிறேன்.

வீட்டுச் சாவி என்னிடம்தான் இருக்கிறது. ஆனாலும் கதவைத் தட்டுவேன்.

டெஸ்மண்ட்