மாத்தறைப் பேய்

8.9.86 திங்கள்

சோளகக் காற்று இன்னும் அடங்கவில்லை. கொடியில் போட்ட சேலை முழுக்க மண். திரும்பவும் தோய்த்தாயிற்று.

காலை ஐந்தரைக்கே இவர் வேட்டி கட்டி, சட்டைப் பையில் பேனை குத்தி, படலையடியில். கடை திறக்கப் போகிற கோலம். எண்பத்து மூன்று கலவரத்தில் மாத்தறைக் கடை எரிந்து மூன்று வருடம். "இண்டைக்குப் போயா, கடை பூட்டு" என்றேன். தலையாட்டிவிட்டு வந்து கதிரையில் இருந்தார். பௌர்ணமிப் போயா மாதத்துக்கு ஒன்றுதான்; இந்த மாதம் பிறந்து இது எட்டாவது. புத்தருக்கே தெரியாது.

முப்பது வருடம் அவர் அங்கே சிங்களவர் ஊரில் வியாபாரம், நான் இங்கே புங்குடுதீவில். வருடத்தில் இரண்டு தடவை வருவார். வயது போன காலத்திலாவது சேர்ந்து இருக்கலாம் என்று நினைத்திருந்தேன். இப்போது இரண்டு மாதமாக வாயில் சிங்களம் மட்டும்தான். எனக்கு விளங்குவது ஒரு சொல்: நோனா. அது நான். சாமான் வாங்க வந்த யாரோ ஒரு பெண்.

10.9.86 புதன்

மண்ணெண்ணெய், சவர்க்காரம், படலைக்குப் பூட்டு. (பூட்டு கிடைக்கவில்லை.)

லண்டனில் இருந்து பாலனின் கடிதம். இவரின் தம்பி. உள்ளே ஒரு படம். வெள்ளைக்காரரோடு வரிசையாக நிற்கிறான், வயிறு தள்ளிய பெனியனில் ஏதோ எழுத்து. பத்து மைல் நடந்தானாம். ஏதோ மறதி வருத்தத்துக்கு மருந்து தேடும் ஆராய்ச்சிக்குக் காசு சேர்க்கிறார்களாம். "மச்சாள், அண்ணைக்கு வந்தது இதுதான் எண்டு நினைக்கிறன். பேர் அல்சைமர். மருந்து இன்னும் கண்டுபிடிக்கேல்லை. மந்திரம் மாயம் எண்டு ஒருத்தரிட்டையும் கொண்டுபோகாதேங்கோ."

பெயரை இரண்டு தடவை எழுத்துக்கூட்டினேன். பெரியாஸ்பத்திரி டொக்டர் "வயசு போனால் இப்பிடித்தான்" என்றார். அறுபத்தொரு வயது. ஒரு பெயராவது கிடைத்ததே என்று ஒரு நிமிடம் நிம்மதி. பிறகு பற்றிக்கொண்டு வந்தது. இவரும் தினமும் நடக்கிறார். பின்னால் ஓட நான் ஒருத்தி. ஆராய்ச்சி நடக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அது முடியும்வரை நான் கிணற்றடிக்குப் போய் நிம்மதியாகக் குளிக்க அரை மணித்தியாலம் யார் தருவார்?

12.9.86 வெள்ளி

இவரின் தமக்கை நாகம்மா மச்சாள் வந்தா. விபூதி, தேசிக்காய், புத்திமதி.

"பரமேசு, இது வருத்தம் இல்லை. மாத்தறைப் பேய். எரிஞ்ச கடையில இருந்து தம்பியோட கூட வந்தது. சரவணையில ஒருத்தர் இருக்கிறார், நல்லா ஓட்டுவார்."

பாலனின் கடிதத்தை வாசித்துக் காட்டினேன்.

"லண்டனில பேய் இல்லை. அவனுக்கு என்ன தெரியும்?"

"கொஞ்ச நேரம் இவரோட இருங்கோ மச்சாள், குளிச்சிட்டு வாறன்" என்றேன். பஸ்சுக்கு நேரமாகிவிட்டதாம். பேய்க்கு ஒதுக்க நாள் இருக்கிறது, தம்பிக்கு ஒதுக்க அரை மணித்தியாலம் இல்லை.

15.9.86 திங்கள்



தலையில் தண்ணீர் ஊற்றிய நேரம் போய்விட்டார். ஈரச் சேலையோடு ஓடினேன். இறங்குதுறையில் நேவி, சிங்களக் கடற்படை, வந்து இறங்கியிருக்கிறது. சனம் எல்லாம் வளவுகளுக்குள் ஒளிந்துவிட்டது. இவர் மட்டும் நடுவில் நின்று கதைத்துச் சிரிக்கிறார். ஒருவன் மாத்தறைப் பக்கத்துப் பொடியனாக இருக்கவேண்டும், இவரின் தோளில் கை போட்டிருந்தான். பிஸ்கற் பக்கற் ஒன்று கொடுத்து அனுப்பினான்.

ஊரே வேலிக்குள்ளால் பார்த்தது. ஒருவரும் என்னோடு கதைக்கவில்லை. போன மாதம் சந்தியில் ஒரு மனிசனை இயக்கம் கட்டிவைத்துச் சுட்டது. நேவிக்கு ஆள்காட்டி என்று கழுத்தில் மட்டை.

16.9.86 செவ்வாய்

வந்துவிட்டார்கள். இரண்டு சைக்கிள். இயக்கப் பொடியள்.

"அம்மா, ஐயா நேவியோட என்ன கதைச்சவர்?"

"அவருக்கு வருத்தம் தம்பி. மறதி வருத்தம்." பாலனின் கடிதத்தைக் கொடுத்தேன். ஒருவன் வாசித்தான். மற்றவன் இவரையே பார்த்தபடி நின்றான்.

"மறதியெண்டால் சிங்களம் மட்டும் எப்பிடி மறக்கேல்லை?"

நல்ல கேள்வி. கடிதத்தில் பதில் இல்லை. பத்து மைல் நடந்தவனுக்கும் தெரிந்திருக்காது.

காலையிலேயே வந்திருந்த மச்சாள் குசினிக்குள் இருந்து வந்தா. "தம்பியவை, அது பேய். செத்த சிங்களவன் ஒருத்தன்ர. அதுதான் அந்தப் பாஷை. வெள்ளிக்கிழமை ஓட்டப் போறம்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு என்னை. "அப்பிடியோ அம்மா?"

"ஓம்" என்றேன்.

"அப்ப வெள்ளிக்கிழமை நாங்களும் வாறம்."

உண்மையைச் சொன்னேன், நம்பவில்லை. பேய் என்றதும் நம்பினார்கள். எல்லாரிலும் ஆத்திரம். மச்சாளில், பாலனில், அந்தப் பிஸ்கற்காரனில். இவரிலும்தான். பிள்ளை குட்டியும் இல்லாமல் நான் காத்திருந்த முப்பது வருடமும் இவரின் தலைக்குள் இல்லை, கடை மட்டும் அப்படியே இருக்கிறது.

19.9.86 வெள்ளி

சரவணை. பேயோட்டுகிறவரின் முற்றம் நிறையச் சனம். பொடியள் இருவரும் வேலியோரம் சைக்கிளில் சாய்ந்தபடி.

"பெண்சாதி கையைப் பிடிக்கவேணும். அப்பதான் அது திமிறாது" என்றார் பேயோட்டுகிறவர். பின்னால் இருந்து இரண்டு கையையும் பிடித்தேன். முதலில் வேப்பிலை. பிறகு பிரம்பு. "ஆரடா நீ? பேரைச் சொல்லு!" இவர் ஏதோ சிங்களத்தில் மரியாதையாகச் சொன்னார். அதற்கும் அடி.

ஏழாவதோ எட்டாவதோ அடியில் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"இஞ்சாரும், ஏன் இவையள் எனக்கு அடிக்கினம்? நான் என்ன பிழை விட்டனான்?"

இரண்டு மாதத்துக்குப் பிறகு தமிழ். இஞ்சாரும் என்று, பெண்சாதியைக் கூப்பிடுகிற மாதிரி, என்னைத்தான் கூப்பிட்டார். சனம் அரோகரா என்று கத்தியது. பேய் போய்விட்டதாம். முற்றாகப் போகவேண்டும் என்று இன்னும் இரண்டு அடி. பொடியள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் கையை விடவில்லை.

பொடியள் இருவரும் சிரித்துக்கொண்டு சைக்கிளில் ஏறிப் போனார்கள். இனி வரமாட்டார்கள்.

20.9.86 சனி

காற்று குறைவு. முதுகுக்கு எண்ணெய் பூசவேண்டும். பூச விடுகிறார் இல்லை.

நேற்று நடந்தது ஒன்றும் நினைவில்லை. தழும்பைத் தொட்டுப் பார்த்து ஆச்சரியப்படுகிறார். மச்சாள் வந்தா, அவவைப் பார்த்துச் சிரித்தார். பால்காரனைப் பார்த்தும் சிரித்தார். நான் தேத்தண்ணியோடு கிட்டப் போனால் மட்டும் கையைத் தூக்கி முகத்தை மறைக்கிறார்.