சேர் குடித்த ஸட்ஜம்

நேற்று நகரத்தில் ஒரு செய்தியாளர் சந்திப்பு. அழைத்தவர்கள் இன்னும் வரவில்லை. நாங்கள் நேரத்துக்கே போய்விட்டோம். வெள்ளைத் துணி விரித்த நீள மேசையில் தண்ணீர்க் கிளாஸ்கள் வரிசையாக நின்றன. ஊற்றியவர் அவசரக்காரர் போலும். ஒன்றில் நிறைய, ஒன்றில் பாதி. என் பேனை தானாகவே ஒன்றைத் தட்டியது. அடுத்ததைத் தட்டினேன், அது கொஞ்சம் மேலே பேசியது. பக்கத்தில் இருந்த நிருபர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். நான் உன்னை நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீ செத்துப்போய் இது இரண்டாவது மாரிமழை. கல்லடியில் ஒரே வாங்கில் இருந்து படித்தோம். நீ சங்கீத டீச்சரானாய், நான் நிருபரானேன். "ரெண்டு பேருக்கும் ஒரே வேலைதான்கா. முதல்ல கேக்கணும், மறுகாதான் மத்ததெல்லாம்" என்பாய்.

மண்டூர்ப் பக்கத்தில் ஒரு வாவிக்கரைப் பள்ளிக்கு நீ மாற்றலாகிப் போனபோது அங்கே இருந்தது ஒரே ஒரு ஆர்மோனியம். அதிலும் பாதிக் கட்டைகள் அமுக்கினால் எழும்பாது. நீ பிள்ளைகளிடம் இரண்டு வேலை கொடுத்தாய். வீட்டிலிருந்து ஒரு கண்ணாடிக் கிளாஸ் கொண்டுவர வேண்டும். அம்மாவின் போனில் ஒரு வீட்டுச் சத்தத்தைப் பதிந்து வர வேண்டும். தேங்காய் துருவும் சத்தம் வந்தது, மா அரிக்கும் சத்தம் வந்தது, வலை உதறும் சத்தம் வந்தது. ஒருத்தி அப்பாவின் குறட்டையைக் கொண்டுவந்தாள். வகுப்பு சிரித்து அடங்கும்வரை காத்திருந்து, அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுவிட்டு, "நமக்குத் தம்புரா கிடைச்சிட்டு" என்றாயாம். எல்லாவற்றையும் போனில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கித் தாளமாக்கினீர்கள். கிளாஸ்களில் தண்ணீர் ஊற்றி ஸ்வரங்களாக்கினீர்கள். கூட ஊற்றினால் சுருதி இறங்கும், குறைத்தால் ஏறும். சரியா பிழையா என்று சொல்ல, ஊசி ஆடும் ஒரு செயலி. ஊசி நடுவில் நின்றால் திரை பச்சையாகும்.

அந்த வருடம் ஆறாம் தரத்துச் சங்கீதப் பாடவேளைகளைக் கணிதத்துக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று அதிபர் ஒற்றைக்காலில் நின்றார். பார்த்து முடிவு சொல்ல வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வருவதாக இருந்தது. "வந்து பாருகா, கடைசிக் கச்சேரியாயும் இருக்கலாம்" என்று நீ சிரித்துக்கொண்டே சொன்னாய். ஆனால் முதல் நாள் முழுக்க நீ சாப்பிடவில்லை என்பது எனக்குத் தெரியும்.

குருமண்வெளித் துறையில், பாதை என்று நாம் சொல்லும் மிதவையில் ஏறி வாவியைக் கடந்து வந்தேன். அதே பாதையில்தான் அதிகாரியும் மோட்டார் சைக்கிளோடு வந்தார், வெயிலில் வெந்துபோய். வகுப்புக்குள் நுழைந்தவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். வீட்டுக்கு ஆள் வந்தால் முதலில் தண்ணீர் கொடுத்து வளர்ந்த பிள்ளைகள் அல்லவா? குறட்டைக்காரி எழுந்தாள். மேசையில் இருந்ததிலேயே நிறைந்த கிளாஸைத் தூக்கி இரண்டு கையாலும் நீட்டினாள். அவர் ஒரே மூச்சில் குடித்து முடித்தார்.

"மிஸ்! சேர் 'ஸ'வக் குடிச்சிட்டார்!"

அதிபரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "ஏன் மனே அதத் தூக்கிக் குடுத்த?" என்று நீ கேட்டாய். அவள் அழும் குரலில், "வந்த ஆளுக்கு அரைக் கிளாஸ் குடுக்கலாமா மிஸ்?" என்றாள்.

நீதான் முதலில் சிரித்தாய். பிறகு தண்ணீர்க் கூசாவை எடுத்து அதிகாரியின் கையில் கொடுத்தாய். "குடிச்ச ஆள்தான் நிரப்பணும், சேர்."

அவர் ஊற்றினார். பிள்ளைகள் போனோடு அவரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"இன்னும் ஊத்துங்க… இன்னும்… நில்லுங்க! கூடிப்போச்சு சேர்."

"இப்ப என்ன செய்யிற?"

"ஒரு மிடறு குடிங்க."

குடித்தார். கரண்டியால் தட்டினார். ஊசி நடுங்கி நடுவில் நின்று திரை பச்சையானது. வகுப்பே கத்தியது, சேரும்தான் கத்தினார். அப்பாவின் குறட்டை பின்னால் ஒலிக்கப் பிள்ளைகள் வாசித்தார்கள். ஸ வரும் இடமெல்லாம் அவரே தட்டினார். ஓரிடத்தில் பிந்திவிட்டார், குறட்டைக்காரி முறைத்தாள்.

புறப்படும்போது அதிபரிடம், "சங்கீதம் கிழமைக்கு எத்தன பாடவேளை?" என்று கேட்டார்.

"ரெண்டு சேர்."

"ரெண்டும் இருக்கட்டும்."

அவர் கண்ணுக்கு மறைந்த பிறகுதான் நீ கதிரையில் இருந்தாய். "பசிக்குதுகா" என்றாய்.

போன மாதம் அந்தப் பள்ளிப் பக்கம் போனேன். இரண்டு பாடவேளையும் இருக்கின்றன. புது டீச்சர் வாசலில் ஒரு கூசா வைத்து, 'குடிக்கும் தண்ணீர் இது மட்டுமே' என்று எழுதி ஒட்டியிருக்கிறார். அங்கேயே நின்று சிரித்தேன். பியோன் என்னவென்று கேட்டார். சொல்ல வெளிக்கிட்டால் நீளும் என்று விட்டுவிட்டேன்.

நேற்று என் போனைத் திறந்தேன். நீ போட்டுத் தந்த செயலி இன்னும் இருக்கிறது. எனக்கு முன்னால் இருந்த கிளாஸைத் தட்டினேன். ஊசி நடுவுக்குக் கொஞ்சம் கீழே நின்றது. ஒரு மிடறு குடித்தேன். பச்சை.

அதற்குப் பிறகு அந்தத் தண்ணீரைத் தொட மனம் வரவில்லை. பேச வந்தவர்கள் இருட்டும்வரை பேசினார்கள். நான் தாகத்தோடு இருந்து எல்லாவற்றையும் கேட்டேன்.