ஓலீட்டா பாடிய மேல்குரல்

அன்புள்ள அப்பாவுக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, சனிக்கிழமை கேட்ட ஒரு பாட்டை அடுப்படியில் நின்று பாடிப் பார்த்தேன். உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது? மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறீர்களா? நான் நன்றாக இருக்கிறேன்.

இங்கே கென்டக்கியில் ஊர்க்காரர்கள் சனிக்கிழமைதோறும் மாட்டுத்தீவனக் கடையில் கூடி வாத்தியங்கள் வாசித்துப் பாடுவார்கள். இந்தச் சனிக்கிழமை, இறந்த மனைவியின் மேலங்கியை ஆணியிலிருந்து எடுக்க மனம் வராத ஒருவனின் பாட்டை, பேஞ்சோ வாசிக்கும் ஹோபர்ட் பாடினார். இரண்டாம் முறை பல்லவி வந்தபோது, உங்களோடு அம்மா சேர்ந்துகொள்வதுபோல நானும் மேல்குரலில் சேர்ந்துகொண்டேன். எல்லாரும் வாசிப்பதை நிறுத்திவிட்டார்கள். அந்த மேல்குரல் ஹோபர்ட்டின் மனைவி ஓலீட்டா பாடிவந்ததாம். அவர் இறந்தபின் அதை யாரும் பாடுவதில்லையாம்.

"ஓலீட்டா இன்னும் உசரத்துல பாடுவா. நீ பூனை மாதிரி கத்துற. சரி, மறுபடியும் புடி," என்றார் ஹோபர்ட். எல்லாரும் சிரித்தார்கள்.

"இவ்வளவு சோகத்தை ஏன் இத்தனை வேகமாப் பாடுறீங்க?" என்று பிறகு அவரிடம் கேட்டேன்.

"மெதுவாப் பாடுனா முடிக்க முடியாது, லோரீன்."

அம்மாவை அடக்கம் செய்த அன்று என்னைப் பாடச் சொன்னீர்கள். தொண்டை சரியில்லை என்றேன். அது பொய், அப்பா. பாதியில் உடைந்துவிடுவேன் என்று பயந்தேன். நீங்கள் தனியாகப் பாடினீர்கள்.

அம்மாவின் கம்பளிக் காலுறை இருந்தால் அனுப்புங்கள், இங்கே இன்னும் குளிர் விடவில்லை. உங்கள் மாண்டலினுக்குப் புதுத் தந்தி போட்டுவையுங்கள். மருத்துவமனை வேலைக்கு நேரமாகிவிட்டது. இன்னும் யாரிடமும் சொல்லவில்லை: மே மாதம், கல்லறைகளுக்குப் பூ வைக்கும் ஞாயிறன்று வந்து, அம்மாவின் பக்கத்தில் நின்று உங்களோடு பாடப்போகிறேன்.

உங்கள் மகள்,
லோரீன்